நின்றவிடத்தில் நோயறிதல்
பழைய மோட்டார் வண்டி பற்றிய ஒரு பாடம்

தமிழாசிரியரிடம் மலருக்குக் கட்டுரை கேட்டால் அணியிலக்கணமோ புராணப் படிப்போ வந்து சேரும் என்று எதிர்பார்த்தல் இயல்பே. யாமோ மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய மாணவர்கள் கல்லூரிக்கும் ஒருமுறை வந்து போவர். அவர்களுட் சிலர் வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்தபின் எம்மைத் தனியே அழைத்து, "சேர், அப்பாவின்ரை மொறிஸ் இன்னும் கொட்டிலுக்குள்ளைதான் நிக்குது, ஸ்ராட் வருகுதில்லை. என்ன செய்யலாம்?" என்று வினவுவதுண்டு. எம் வீட்டிலும் அத்தகைய கார் ஒன்று நிற்பதையும், அதனோடு யாம் பட்ட பாட்டையும் அவர்கள் அறிவர். அவர்களுக்குத் துண்டு துண்டாய்ச் சொன்ன விடைகளை ஒருங்கு சேர்த்து, எம்மை நெடுங்காலம் ஏமாற்றிய ஒரு பழுதின் கதையையும் இங்கே தருகின்றோம்.

மொறிஸ் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இக்கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அன்று அதற்கு வாய்த்தது 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பக்கவால்வு எஞ்சின். 1952இல் ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றாகிய பின்னர், ஒஸ்ரினுடைய 803 கன சென்ரிமீற்றர் மேல்வால்வு எஞ்சின் இதனுள் வந்தது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருத்தது. எம் வீட்டுக் காரில் உள்ளது 948. ஒஸ்ரின் ஏ-30, ஏ-35 என்பனவும் இக்குடும்பத்து எஞ்சினையே உடையன ஆதலின், கீழே சொல்வனவற்றுட் பல அவற்றுக்கும் பொருந்தும். ஏ-40 சோமசெற், கேம்பிரிட்ஜ் முதலிய பெரிய கார்களுக்கு அளவுகள் வேறுபடலாம். ஆராயும் முறை ஒன்றே.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடநூலில் மின்கலவடுக்கு என்று கற்பிப்பதைக் கராச்சிலே பற்றரி என்பர். கொள்ளளவியைக் கொண்டென்சர் என்பர். தமிழ்ச் சொற்களில் எமக்குப் பற்று இல்லாமலில்லை. ஆயினும் நடுவீதியில் நின்றுபோன காருக்கருகே நின்றுகொண்டு கொள்ளளவி வேண்டும் என்று கூவினால் எவரும் கொண்டுவந்து தரார். ஆகவே கராச்சுச் சொற்களையே ஆள்கின்றோம்.

எஞ்சின் இயங்க மூன்று வேண்டும். பெற்றோலும் காற்றும் அளவறிந்து கலந்த கலவை ஒன்று. அக்கலவையைச் சிலிண்டருக்குள் இறுக்கும் நெருக்கம் ஒன்று. உரிய கணத்தில் பிறக்கும் தீப்பொறி ஒன்று. வாக்கியம் பொருள் தராது நின்றால், எழுவாய் இல்லையா, பயனிலை இல்லையா என்று தேடுகின்றோமேயன்றி, எழுதியது அனைத்தையும் அழித்துவிட்டு வேறு சொற்களைப் பெய்து பார்ப்பதில்லை. கராச்சுகளிலோ பெய்து பார்க்கும் வழக்கமே மிகுதி. பிளக்கை மாற்று, சரிவரவில்லையா, காபரேற்றரை மாற்று, அதுவும் சரிவரவில்லையா, பம்பை மாற்று. பணம் செலவாகும், நோய் இருந்தபடியே இருக்கும். புதிய உறுப்பை வாங்கி மாட்டுகையில் ஒரு வயர் தளர்ந்துவிட்டாலோ, ஒரு நோயுடன் வந்த கார் இரு நோயுடன் வீடு திரும்பும்.

ஸ்ராட்டரை இழுத்தும் எஞ்சின் சுழலவில்லையாயின், மேற்சொன்ன மூன்றையும் ஆராய இன்னும் காலம் வரவில்லை என்க. முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்ராட்டரை இழுத்துப் பார்த்தல் வேண்டும். விளக்கு முற்றாக மங்கினால் பற்றரியிற் குறை, அல்லது பற்றரி முனைகளிற் பூத்த வெள்ளைப் படிவு. அப்படிவை வெந்நீரூற்றிக் கழுவி, முனைகளைச் சுரண்டி இறுக்கிய மாத்திரத்தில் உயிர்பெற்ற கார்கள் பலவற்றை யாம் கண்டிருக்கின்றோம்.

எஞ்சின் சுழல்கின்றது, ஆனால் பற்றவில்லையாயின், தீப்பொறியை முதலிலும் பெற்றோலைப் பின்னரும் ஆராய்க. இவ்வொழுங்கை மாற்றலாகாது. பெற்றோற் குழாயைக் கழற்றிச் சிந்தவிட்டுப் பின்னர்ப் பொறி பார்ப்பவன் தன் காரைத் தானே கொளுத்துபவனாவான். மேலும், பெற்றோலின் குற்றம் போலத் தோன்றுவனவற்றுட் பல தீப்பொறியின் குற்றமே என்பதை எம் அனுபவம் காட்டிற்று.

கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும் தடித்த வயரை மூடியிலிருந்து இழுத்தெடுத்து, உலர்ந்த மரக்கவ்வியாற் பற்றி, அதன் நுனியை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் எட்டப் பிடித்துக்கொண்டு, மற்றொருவரை எஞ்சினைச் சுழற்றச் செய்தல் வேண்டும். நீலப் பொறி சடக்கென்ற ஒலியோடு பாய்ந்தால் கொயிலும் அதற்கு முன்னுள்ளவையும் நலமாயுள்ளன. அங்கே பொறி இருந்தும் பிளக்கில் இல்லையாயின் குற்றம் இடையில் உள்ளது: டிஸ்ரிபியூற்றர் மூடி, அதனுட் சுழலும் றோட்டர், பிளக் வயர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூடியினுள்ளே கசிந்த ஈரமே பெரும்பாலும் காரணம். உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். துடைத்தும் தீராவிடின் மூடியினுட்புறத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்க. மயிரிழை போன்ற வெடிப்பும் அதனூடே கரிக்கோடும் தென்பட்டால், மின் அவ்வழியே களவாக ஓடுகின்றது என்பது பொருள்.

பொறி மஞ்சளாய் மெலிந்திருப்பின், அல்லது இல்லையேயாயின், பொயின்றைப் பார்த்தல் வேண்டும். இச்சிறு உறுப்பு படும் பாட்டை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரு பொறிகள் வேண்டும். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சினில் நிமிடத்துக்கு 6000 பொறிகள்; அதாவது ஒரு விநாடியில் 100 முறை அது திறந்து மூடுகின்றது. முழுதும் திறந்த நிலையில் அதன் இடைவெளி ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு இருத்தல் வேண்டும். பொயின்றின் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும். பொறியும் சற்றுப் பிந்திப் பிறக்கும். கார் ஏற்றத்தில் இளைக்கும். முகங்கள் எரிந்து கறுத்துக் குழி விழுந்திருந்தால் பொயின்றை மட்டும் குறை கூறாது, அருகிலுள்ள கொண்டென்சரையும் ஐயுறுக. பொயின்று திறக்கும் கணத்தில் அவ்விடைவெளியிற் பொறி பாயாதவாறு மின்னை ஏற்றுக்கொண்டு, கொயிலின் காந்தப்புலம் சடுதியில் வீழச் செய்வது கொண்டென்சரே. அது கெட்டால் பொயின்றில் எரிவு மிகும். பிளக்கில் பொறி குன்றும்.

தீப்பொறி நன்றாயிருந்தால் பெற்றோலுக்கு வருவோம். மைனரின் பம்பு மின்னால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் அது டிக் டிக் என்று விரைந்து அடித்து, காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். அடிக்கவேயில்லை எனில் அதனுள்ளும் ஒரு பொயின்று உண்டு, அது ஒட்டிக் கிடக்கும். மெதுவாகத் தட்டினால் சிலவேளை விழித்துக்கொள்ளும். ஓயாது அடித்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகின்றது, அல்லது மிதவையின் ஊசிவால்வு மூடாமற் பெற்றோல் வழிகின்றது. காபரேற்றரின் மணிவடிவக் கிண்ணத்துள்ளே ஒரு பிஸ்ரன் இருக்கும். அதனை விரலால் உயர்த்தி விட்டால் டக்கென்று விழ வேண்டும். விழாது தொங்கினால் உள்ளே அழுக்கு. இதற்குமேல் காபரேற்றரைத் துருவுதல் முதல்நாள் மாணவனுக்கு வேண்டியதில்லை.

கொட்டிலுக்குள் நெடுநாள் நின்ற காருக்கு இங்கேதான் நோய். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பெற்றோல் தட்டுப்பட்டபோது பலர் தம் பழைய கார்களை மூடிவைத்தனர். சில இன்னும் அப்படியே நிற்கின்றன. பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப்போக, எஞ்சியது பிசினாகித் துவாரங்களை அடைக்கும். அத்தகைய காரைத் திறந்தவுடன் ஸ்ராட்டரை இழுப்பது பெருந்தவறு. பழைய பெற்றோலை வடித்து, மிதவைக் கிண்ணத்தைக் கழுவி, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருள்ளும் சிறிது ஒயில் விட்டு, எஞ்சினைக் கையாற் சுழற்றிய பின்னரே மற்றவை.

மூன்றாவது நெருக்கம். சாவியை அணைத்துவிட்டு, முன்புறத் துவாரத்தில் சுழற்று கம்பியைச் செருகி மெல்லச் சுழற்றினால், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு எதிர்ப்புக்கள் கைக்குத் தெரியும். நான்கும் ஒத்திருந்தால் எஞ்சினின் உடம்பு நலம். ஒன்று சோர்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரின் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் சுழற்றுக. எதிர்ப்புக் கூடினால் பிஸ்ரன் வளையம் தேய்ந்துள்ளது. கூடாவிடின் வால்வு எரிந்தது, அல்லது தலைக் கஸ்கெற் போயிற்று. கம்பியைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்துப் பெருவிரல் முறிந்தோர் முன்னாளில் எத்தனையோ பேர்.

இனி எம் கதை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது அரிதாயிற்று. இருந்த சொற்பமும் பொன்விலை விற்றது. அப்போது இங்குள்ள பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்க ஏறக்குறைய 150 பாகை செல்சியசும் அதற்கு மேலும் வேண்டும். ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறுவர். இது முற்றும் புதுமையன்று. ஃபேர்கசன் உழவு இயந்திரங்களுட் சில, பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடுமாறே இரு தாங்கிகளோடு ஆக்கப்பட்டவை. எனினும் பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட காருக்கு அதனாற் கேடு உண்டு. எஞ்சின் தட்டும், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழேயுள்ள ஒயிலோடு கலக்கும். ஒயில் குறையாது அளவுகோலில் மட்டம் ஏறினால் மகிழலாகாது. அது கலப்படத்தின் அடையாளம். எம் தந்தையார் நாள்தோறும் காலையில் அக்கோலை இழுத்து மணந்து பார்ப்பார். நோயாளரையும் பிரசவத்துக்குரியோரையும் இரவிற் கொண்டு செல்ல அயலில் இருந்தது அக்கார் ஒன்றே.

2012ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், கிளிநொச்சியில் உறவினர் வீட்டு மங்கல காரியம் ஒன்றுக்குத் தந்தையாரையும் தாயாரையும் ஏற்றிச் சென்றோம். நண்பகல். ஆனையிறவில், இருபுறமும் உப்புநீர்ப் பரப்பு, ஒதுங்க ஒரு மரமில்லாத இடத்தில், கார் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. அவ்வழியே வந்த லொறிச் சாரதி ஒருவர் இரங்கி நிறுத்தி, "பெற்றோல் ஆவியாப் போச்சு. பம்புக்கும் பைப்புக்கும் ஈரத்துணி போடுங்கோ" என்றார். குடிக்க வைத்திருந்த நீரில் துணியை நனைத்துச் சுற்றினோம். அரைமணி நேரத்தில் கார் ஓடியது. யாமும் அதனை உண்மை என்றே நம்பினோம். வெப்பத்தில் குழாயினுள்ளே பெற்றோல் ஆவியாகி ஓட்டத்தை மறிப்பது நூல்களிலும் கண்ட செய்தியல்லவா?

அதன்பின் ஈரத்துணி எம் காரின் நிரந்தரப் பயணியாயிற்று. நின்ற போதெல்லாம் சுற்றினோம், அரைமணியில் ஓடியது. ஆனால் முப்பது மைலில் நின்ற கார் இருபதில் நின்றது. பின்னர் எட்டு மைலில் நின்றது. கராச் ஒன்றில் பம்பை மாற்றினார்கள். பெற்றோற் குழாயை எஞ்சினுக்கு எட்ட நகர்த்தினார்கள். காபரேற்றர் இரண்டு முறை கழன்று மாட்டப்பெற்றது. இரண்டு ஆண்டு கழிந்தபின் அங்கிருந்தோர் தீர்ப்புக் கூறினர்: மண்ணெண்ணெய் அடித்த எஞ்சின், உள்ளே முடிந்துவிட்டது, இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. அருகே நின்ற தந்தையார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தபின், "நான்தான் தம்பி அதைக் கெடுத்தனான்" என்றார். அதன்பின் அவர் காரில் ஏறவில்லை. கோவிலுக்கு ஓட்டோவிற் போய்வந்தார்.

விற்பதற்கு முன்னர், தொழிலை விட்டு வீட்டிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். யாம் முழுக்கதையும் சொல்லி முடியும்வரை அவர் கேட்டிருந்தார். பின்பு ஒரே கேள்வி கேட்டார்: "மாஸ்ரர், நிண்ட உடனை பொறி வருதோ எண்டு பாத்தனீங்களோ?"

பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைதானும் பார்த்ததில்லை. நின்றவுடன் துணியைத் தேடினோம். கராச்சுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்த போதெல்லாம் கார் ஆறியிருந்தது. ஆறிய காரிலே பொறி நீலமாய்ப் பாய்ந்தது. ஆகவே பொறியில் குறையில்லை என்று எழுதி ஒப்பமிட்டோம். காய்ச்சல் விட்டபின் நாடி பிடித்த கதை அது.

அவர் பொனற்றைத் திறக்கவுமில்லை. ஓட்டச் சொல்லித் தாமும் ஏறிக்கொண்டார். எட்டாம் மைலில் கார் நின்றது. நின்ற நிமிடமே இறங்கிக் கொயில் வயரைப் பிடித்துச் சுழற்றச் செய்தார். மஞ்சளாய் ஒரு நூல் பாய்ந்து மறைந்தது. அவ்வயரை மாட்டி, சாவியை அணைத்து, மிதவைக் கிண்ணத்தைத் திறந்தார். பெற்றோல் நிறைந்து நின்றது. கொயிலிற் கை வைக்க முடியாத சூடு. எம் ஈரத்துணியை வாங்கினார். பம்பின் பக்கம் போகாது கொயிலின்மேல் மட்டும் போட்டார். பத்து நிமிடத்தில் கார் ஓடியது. யாம் மகிழ்ந்து வீட்டுக்குத் திருப்பப் பார்த்தோம். அவர் விடவில்லை. இன்னும் ஓட்டுக என்றார். மறுபடி நின்றது. இம்முறை துணியைப் பம்பின்மேல் மட்டும் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதே பத்து நிமிடம் காத்திருந்து ஸ்ராட்டரை இழுக்கச் சொன்னார். ஓடவில்லை. துணியைக் கொயிலுக்கு மாற்றினார், ஓடியது.

ஆனையிறவிலும் பின்னரும் காரை ஓட்டியது துணியன்று, அரைமணி நேரம். அந்த அரைமணியில் பம்பு ஆறியது போலவே கொயிலும் ஆறியது. யாம் துணி சுற்றிய இடம் பம்பு ஆதலால் பம்பே குற்றவாளி என்று கொண்டோம். துணி சுற்றாமலே அரைமணி காத்திருந்தால் என்ன நிகழும் என்று ஒருநாளேனும் பார்த்தோமில்லை. பௌதிக ஆசிரியர் இதனைக் கேட்டால் எம்மைப் பெஞ்சில் ஏற்றி வைப்பார்.

கொயிலினுள்ளே மயிரினும் மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். சுற்றுக்குச் சுற்று இடையே உள்ள காப்பு முதுமையாற் கெட்டால், சூட்டில் மின் குறுக்கே பாயும்; ஆறினால் மீண்டும் ஒழுங்காகும். கெடக் கெட அது விரைவிற் சூடேறுமாதலின் முப்பது மைல் எட்டாகிற்று. இதற்கும் மண்ணெண்ணெய்க்கும் யாதொரு தொடர்புமில்லை.

புதிய கொயில் வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மைனரில் பற்றரியின் நேர்முனையே காரின் உடம்போடு இணைக்கப்பட்டுள்ளது. இக்காலக் கார்களில் எதிர்முனை. ஆகவே + என்று குறித்த முனை டிஸ்ரிபியூற்றருக்கும், − என்று குறித்த முனை சாவிக்கும் செல்லவேண்டும். பழக்கத்தால் மாற்றி மாட்டிவிட்டாலும் கார் ஓடும். ஆனால் பொறி மெலிந்திருக்கும். அடுத்த ஆராய்ச்சிக்கு அதுவே வித்தாகும்.

கொயிலை மாட்டிய அன்று மெக்கானிக் எம் வீட்டு முற்றத்திற் காரை நிறுத்தி, தந்தையாரை அழைத்துச் சுழற்று கம்பியை அவர் கையிற் கொடுத்தார். "ஐயா, நீங்களே பாருங்கோ" என்றார். தந்தையார் பெருவிரலை ஒதுக்கிப் பிடித்து மெல்லச் சுழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் சுழற்றினார். நான்கும் ஒத்திருந்தன. அளவுகோலை இழுத்து, பழைய வழக்கப்படி மணந்தும் பார்த்தார்.

அடுத்த ஞாயிறன்று அவரே காரை எடுத்தார். எங்கே என்று யாம் கேட்கவில்லை. ஆனையிறவில், முன்பு நின்ற இடத்துக்கு வந்ததும் ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்தார். உச்சி வெயில். கால்மணி நேரம் உப்புநீரைப் பார்த்துக்கொண்டு வீதியோரத்தில் நின்றார். பின்னர் ஏறி ஸ்ராட்டரை இழுத்தார். முதல் இழுவையில் எஞ்சின் பற்றியது.

"ஏறு" என்றார்.